வைஃபை வரவில்லை என்பதற்காக மடிக்கணினியை ஒதுக்க வேண்டாம்: லினக்ஸில் நெட்வொர்க் கார்டை இயங்க வைக்கும் வழி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசரும் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். இந்தத் தகுதி இல்லாத மடிக்கணினிகள் நம் வீடுகளில் ஏராளம். மூத்த பிள்ளை கல்லூரியில் பயன்படுத்தியது, பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தது என்று எப்படியும் ஒன்று அலமாரியில் இருக்கும். திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருக்கும். மென்பொருள்தான் காலாவதியாகிவிட்டது.

இவற்றுக்கு லினக்ஸ் நல்ல மாற்று. யூனிக்ஸ் இயங்குதளத்தின் வடிவமைப்பைப் பின்பற்றி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய இதன் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள்ளும் இயங்குகிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற தொகுப்புகளாக இலவசமாகக் கிடைக்கிறது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில்கூட லினக்ஸ் மின்ட் ஓடும். பிள்ளைகளின் படிப்புக்கும், கடிதம் தட்டச்சு செய்யவும், வெளிநாட்டில் இருக்கும் அத்தாவுடன் வீடியோ அழைப்பில் பேசவும் அது போதும்.

ஆனால் பலர் லினக்ஸை நிறுவிய அன்றே கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். எல்லாம் வேலை செய்கிறது, வைஃபை மட்டும் வரவில்லை. "இந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கடைக்காரர் கார்டு போய்விட்டது என்று சொன்னால் அதையும் நம்பிவிடுகிறோம்.

பெரும்பாலான நேரங்களில் கார்டு கெட்டுப்போயிருப்பதில்லை. ஒரு சுவிட்ச் அணைந்திருக்கும். அல்லது ஒரு டிரைவரோ ஃபர்ம்வேரோ விடுபட்டிருக்கும். எது விடுபட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

கார்டு, டிரைவர், ஃபர்ம்வேர்: மூன்றும் வேறு வேறு

கார்டு என்பது மடிக்கணினிக்குள் இருக்கும் சிறு பலகை. அதில் உள்ள சிப்தான் வைஃபை அலைகளை அனுப்புகிறது, பெறுகிறது.

டிரைவர் என்பது கெர்னலுக்கும் அந்தச் சிப்புக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். சிப்புக்கு என்ன கட்டளை கொடுத்தால் என்ன செய்யும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும்.

ஃபர்ம்வேர் என்பது சிப்புக்கு உள்ளேயே ஓடும் நிரல். பல வைஃபை கார்டுகளில் இதை நிரந்தரமாகச் சேமித்துவைக்க இடம் இருப்பதில்லை. கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டிரைவர்தான் இந்தக் கோப்பை வட்டிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஏற்ற வேண்டும். ஆகவே டிரைவர் சரியாக இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் கார்டு எழுந்திருக்காது. லினக்ஸில் வைஃபை வராததற்கு இது மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது?

விண்டோஸுக்கான டிரைவரைக் கார்டு தயாரிக்கும் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு அப்படி எழுதித் தர முன்பு பல நிறுவனங்கள் முன்வரவில்லை. சிப் எப்படி இயங்குகிறது என்ற விவரக் குறிப்புகளையும் வெளியிட மறுத்தன.

இதில் அதிகம் பேசப்பட்டது பிராட்காம் நிறுவனத்தின் சிப்கள். குறிப்புகள் கிடைக்காததால் தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒரு குழு ஏற்கெனவே இருந்த டிரைவரை ஆராய்ந்து சிப்பின் இயக்கத்தை ஆவணமாக எழுதியது. மற்றக் குழு அந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டிரைவரை எழுதியது. முதல் டிரைவரின் ஒரு வரியைக்கூட இரண்டாம் குழு பார்க்கவில்லை என்பதால் நகலெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. இப்படி உருவான டிரைவர் 2006இல் வெளியான கெர்னல் 2.6.17இல் சேர்ந்தது.

டிரைவர் கிடைத்தும் ஃபர்ம்வேரை விநியோகிக்கும் உரிமை கிடைக்கவில்லை. அதனால் பயனரே நிறுவனத்தின் டிரைவர் கோப்பை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் தன் புதிய சிப்கள் சிலவற்றுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது.

டெபியன் தொகுப்பும் நீண்ட காலம் மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர்களைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. கொள்கை அளவில் அது நியாயம். புதிதாக வருபவருக்கோ வைஃபை இல்லாத கணினி. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் தேவையான ஃபர்ம்வேர்கள் நிறுவல் வட்டிலேயே இருக்கின்றன. ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் முயன்று தோற்றவர்களும் இன்று மீண்டும் முயன்று பார்க்கலாம்.

நிறுவுவதற்கு முன்பே சோதியுங்கள்

உபுண்டு, மின்ட் இரண்டையும் வட்டில் எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவும் பொத்தானைத் தொடாமல் வைஃபை குறியைச் சொடுக்கிப் பாருங்கள். வீட்டு இணைப்பின் பெயர் தெரிந்தால் கவலை இல்லை. தெரியாவிட்டால் கீழே உள்ள படிகளை அங்கேயே செய்து பார்க்கலாம். ஒலி, கேமரா, டச்பேட் ஆகியவற்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

படி 1: சுவிட்ச் அணைந்திருக்கிறதா?

பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் பக்கவாட்டில் வைஃபைக்கென்றே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மற்றவற்றில் எஃப்என் விசையுடன் மேல்வரிசை விசை ஒன்றைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த விசையில் கோபுரமோ விமானமோ வரைந்திருக்கும்.

டெர்மினலைத் திறந்து 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் நிலைமை தெரிந்துவிடும். கட்டளைகளின் ஒலியை இங்கே தமிழில் தருகிறோம். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பதிலில் 'சாஃப்ட் பிளாக்ட்' என்பதற்கு எதிரே ஆம் என்று வந்தால் மென்பொருள்தான் தடுத்திருக்கிறது; 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்ற கட்டளை அதை நீக்கிவிடும். 'ஹார்ட் பிளாக்ட்' என்பதற்கு எதிரே ஆம் என்று வந்தால் கட்டளையால் பயனில்லை. சுவிட்சையோ விசையையோதான் அழுத்த வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. பாதித் தூக்கத்தில் விட்டுவிடுகிறது. அப்போது சில கார்டுகள் லினக்ஸுக்குள் எழுவதில்லை. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுமையாக அணைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

படி 2: உள்ளே இருக்கும் சிப் எது?

எல்லோரும் தடுமாறும் இடம் இது. "இந்தக் கம்பெனி லேப்டாப், இந்த மாடல், வைஃபை வரவில்லை" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஒரே மாடலிலேயே நிறுவனங்கள் வெவ்வேறு வைஃபை கார்டுகளைப் போட்டு விற்கின்றன. மடிக்கணினியின் பெயரைவிடச் சிப்பின் பெயர்தான் முக்கியம்.

அதற்கான கட்டளை எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகள். அதன்பின் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு ஒன்றை இட்டு, என், என், கே என்ற எழுத்துகளைச் சேருங்கள். கணினிக்குள் இருக்கும் பாகங்களின் பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்பது கம்பி இணைப்புக்கானது. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி என்றால் எல், எஸ், யு, எஸ், பி என்ற கட்டளை.

அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரு எண்கள் இருக்கும். முதல் எண் நிறுவனத்தையும் இரண்டாவது சிப்பையும் குறிக்கும். முதல் எண் 8086 என்றால் இன்டெல். அந்நிறுவனத்தின் பழைய பிராசசர் ஒன்றின் பெயரே அந்த எண். 14இ4 என்றால் பிராட்காம். 10இசி என்றால் ரியல்டெக். 168சி என்றால் ஏதரோஸ். இந்த இரு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடுவதற்கும், தெரிந்தவரிடம் கேட்பதற்கும் இதைவிடச் சிறந்த விவரம் கிடையாது.

அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துக்கொண்டது. ஃபர்ம்வேரைச் சோதிக்கப் படி 3க்குச் செல்லுங்கள். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் இல்லை; படி 4க்குச் செல்லுங்கள். பட்டியலில் கார்டே தெரியவில்லை என்றால்தான் கார்டு கழன்றிருக்கலாம், பழுதாகியிருக்கலாம், அல்லது பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

படி 3: ஃபர்ம்வேர் ஏறியதா?

கெர்னல் தான் செய்வதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போகும். அதைப் படிக்க 'சுடோ' என்று எழுதி, இடைவெளி விட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்ற எழுத்துகளைத் தட்டச்சு செய்யுங்கள். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். கோப்பை ஏற்ற முடியவில்லை என்று வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

உபுண்டுவிலும் மின்டிலும் இந்தக் கோப்புகள் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பு வழியாகக் கிடைக்கின்றன. வழக்கமான அப்டேட்டைச் செய்தாலே அது புதுப்பிக்கப்படும். டெபியனில் நிறுவனவாரியாகத் தனித்தனித் தொகுப்புகள். இன்டெல், ரியல்டெக், ஏதரோஸ் ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. உங்கள் சிப்புக்கு உரியதை நிறுவிக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

படி 4: டிரைவர் இல்லையென்றால்

இன்டெல், ஏதரோஸ் சிப்களுக்குப் பெரும்பாலும் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. ரியல்டெக்கின் புதிய சிப்களுக்குக் கெர்னலின் வயது முக்கியம். ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் 2019இல் வந்த கெர்னல் 5.2இலும், வைஃபை 6 சிப்களுக்கான ஆர்டிடபிள்யூ89 என்ற டிரைவர் 2022 தொடக்கத்தில் வந்த கெர்னல் 5.16இலும் சேர்ந்தன. பழைய பதிப்பு லினக்ஸைப் புதிய மடிக்கணினியில் நிறுவினால் வைஃபை வராததற்கு இதுவே காரணம். தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவினாலே பலருக்குத் தீர்ந்துவிடும்.

பிராட்காம் சிப்கள் பலவற்றுக்கு அந்நிறுவனம் தரும் தனி டிரைவர் வேண்டும். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற பகுதியைத் திறங்கள். பிராட்காம் என்ற பெயருடன் ஒரு டிரைவர் பட்டியலில் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவி, மறுபடி தொடங்கினால் வைஃபை வந்துவிட வேண்டும்.

டிரைவர் போட்டும் வரவில்லையா? செக்யூர் பூட்டைப் பாருங்கள்

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி உள்ள கணினிகளில், நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. தனியாக நிறுவும் பிராட்காம் டிரைவர் உங்கள் கணினியிலேயே உருவாக்கப்படுவது; அதற்கு உங்கள் கணினியின் சொந்தச் சாவிதான் கையொப்பம். அந்தச் சாவியை நீங்கள் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும்.

டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்கும்போது நீல நிறத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் கொடுத்து, அந்தக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். இந்தத் திரை சில விநாடிகளே காத்திருக்கும். ஏதோ வைரஸ் என்று பயந்து பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன்பின் டிரைவர் வட்டில் இருக்கும், ஆனால் இயங்காது. அப்படி நேர்ந்தால் டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவி, இந்த முறை திரையைத் தவற விடாதீர்கள்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும்!

இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி உங்கள் கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியில் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குச் சென்று 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் வேண்டாம். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே மடிக்கணினிக்கும் போகும். மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் மட்டும் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமான மலிவு வகையாக இல்லாமல் தகவலும் கடத்தும் வகையாக இருக்க வேண்டும்.

வீட்டில் ரவுட்டர் இருந்தால் நெட்வொர்க் கேபிளை நேரடியாகச் செருகியும் வேலையை முடிக்கலாம். மின்டில் இன்னொரு வசதியும் உண்டு. இணையம் இல்லாதபோது, நிறுவுவதற்குப் பயன்படுத்திய பென் டிரைவையே செருகி அதிலிருந்து டிரைவரை எடுத்துக்கொள்ள டிரைவர் மேனேஜர் அனுமதிக்கும்.

வைஃபை வருகிறது, நம் வீட்டு இணைப்பு மட்டும் தெரியவில்லை என்றால்

பக்கத்து வீட்டு இணைப்பெல்லாம் தெரிந்து நம்முடையது மட்டும் தெரியாவிட்டால் டிரைவர் சரி என்று பொருள். பழைய கார்டுகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால் அவற்றுக்குத் தெரியாது. ரவுட்டரில் இரண்டையும் இயக்குங்கள்.

சேனல் எண்ணும் காரணமாகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்க விதிப்படி அமைத்த கார்டுகள் 1 முதல் 11 வரையிலான சேனல்களையே பயன்படுத்தும். ரவுட்டர் 12 அல்லது 13இல் இருந்தால் அந்த இணைப்பு தெரியாமல் போகும். ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றிவிட்டால் போதும்.

நேற்று வரை வேலை செய்து, அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனால் பதற வேண்டாம். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால், புதிய கெர்னலுக்கு டிரைவர் சரியாக உருவாகவில்லை என்று பொருள். டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதுவும் பலிக்காவிட்டால்

அப்போதும் மடிக்கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. யுஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை கருவி ஒன்று வாங்கினால் போதும். வாங்கும் முன் அதற்குள் எந்தச் சிப் இருக்கிறது, அதற்கு லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் "லினக்ஸில் இயங்கும்" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சில கருவிகளுக்குத் தனியாக டிரைவர் உருவாக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் அது தொல்லை தரும். உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவதும் சாத்தியம். ஆனால் பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதிய மடிக்கணினி வாங்குவோருக்கும் இதில் பாடம் உண்டு. ரேம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று கேட்பதோடு வைஃபை கார்டு எது என்றும் கேட்டுவிடுங்கள். இன்று விண்டோஸுடன் வாங்கும் கணினி ஏழெட்டு ஆண்டுகள் கழித்து லினக்ஸில்தான் தன் இரண்டாம் வாழ்வைத் தொடங்கக்கூடும்.

பிள்ளைகளுக்கும் இந்தப் படிகளைச் சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் அவர்களையே செய்யவிடுங்கள். கோளாறு வந்ததும் கடைக்கு ஓடாமல், சுவிட்ச், சிப், ஃபர்ம்வேர், டிரைவர் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் பழக்கம் வேறு பல இடங்களிலும் அவர்களுக்குக் கைகொடுக்கும். உங்கள் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் மடிக்கணினியை இந்த வார விடுமுறையில் எடுங்கள். முதலில் அந்த இரு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி வேலை தானாகத் தெளிவாகும்.